கோடரியைக் கடலில் எறிந்த மறுநாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் புத்தகப் பக்கத்தில், வைக்கிங் (பழைய வட ஐரோப்பியக் கடலோடிகள்) காலத்துப் போர்ப் பெண் ஒருத்தி கிறிஸ்துவை ஏற்பதைச் சொல்லும் ஆங்கில நாவல்களைப் பற்றிக் கட்டுரை வந்திருந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு வாசகர், "பனி நாட்டுக் கதை நமக்கு எதற்கு?" என்று எழுதியிருந்தார். கிருஷ்ணகிரியில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை நான். ஓசூரில் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி இந்த வகை நாவல்களை போனில் படித்துவிட்டு, சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் எனக்குக் கதையாகச் சொல்வாள். நான்கைந்து கேட்டிருப்பேன். எனக்கு அவை பிடித்திருக்கின்றன. ஆனால் எல்லாக் கதையிலும் ஒரே இடத்தில் என் மனம் ஒட்டவில்லை.

அந்தப் பெண் ஒரு மடத்தைக் கொள்ளையடிக்கிறாள். ஒரு துறவியைச் சிறைபிடிக்கிறாள். கடலில் புயல் வருகிறது, துறவி ஜெபிக்கிறார், புயல் அடங்குகிறது. அன்று இரவே அவள் முழங்காலில் நிற்கிறாள், விடிந்ததும் கோடரியைக் கடலில் எறிகிறாள். மறுநாளிலிருந்து வேறு ஆள். பேத்தியிடம் கேட்டேன்: "சரி கண்ணு, அதுக்கப்புறம் அவ அம்மா வீட்டுக்குப் போனாளா? அங்க என்ன சாப்பிட்டா?" அவளிடம் பதில் இல்லை. நாவலிலும் இல்லை.

நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் என் ஆயா, அப்பாவைப் பெற்றவர். பர்கூர் பக்கத்துக் கிராமம். தாத்தா இறந்து மூன்று பிள்ளைகளோடு நின்றபோது எலத்தகிரி கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். ஞானஸ்நானம் வாங்கியது ஏழு வருடம் கழித்து. அதற்குப் பிறகும் ஏரிக்கரையில் வேடியப்பன் கல்லைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். மாடு கன்று போட்டால் ஒரு சொம்புப் பால் அந்தக் கல்லுக்குப் போகும். பங்குச் சாமியார் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். "அந்தக் கல்லுல நிக்கிறவன் ஊர் மாட்ட மீட்கப் போயி செத்தவன் சாமி. அவனுக்கு ஒரு சொம்பு பாலு ஊத்துனா ஆண்டவர் கோவிச்சுக்குவாரா?" என்றாராம் ஆயா. சாமியார் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை என்று அப்பா சொல்வார்.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பழைய நடுகற்கள் பல இன்றும் வேடியப்பனாகக் கும்பிடப்படுகின்றன. தகடூர் அதியமான் இறந்தபோது, நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் வார்க்கும் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று ஔவையார் புறநானூற்றில் (232) அழுதார். வகுப்பில் அந்தப் பாட்டை நடத்தும் போதெல்லாம் எனக்கு ஆயாவின் பால் சொம்புதான் கண்ணில் நிற்கும்.

வட ஐரோப்பியர் வரலாறும் இப்படித்தான் இருக்கிறது. டென்மார்க்கில் கிடைத்த பத்தாம் நூற்றாண்டு வார்ப்பு அச்சு ஒன்று, நம் பக்கத்துக் கல்சட்டி செய்கிற அதே மாக்கல்லில் செதுக்கியது. ஒரே கல்லில் இரண்டு சிலுவையும் தோர் தெய்வத்தின் சுத்தியல் ஒன்றும் வார்க்கலாம். வாங்க வருகிறவர் எதைக் கேட்டாலும் தட்டான் கொடுப்பான். ஐஸ்லாந்தில் குடியேறிய ஹெல்கி என்பவர் கிறிஸ்துவை நம்பித் தன் பண்ணைக்கே அவர் பெயரை வைத்தார். கடற்பயணத்துக்கு மட்டும் தோரைத்தான் கூப்பிட்டார். 1000-ஆம் ஆண்டு வாக்கில் அந்த நாட்டுப் பேரவை எல்லோரும் ஞானஸ்நானம் வாங்க வேண்டும் என்று முடிவெடுத்தபோதுகூட, வீட்டுக்குள் ரகசியமாகப் பழைய பலி கொடுப்பதையும் குதிரைக்கறி தின்பதையும் விட்டுவைத்தது. நாவல் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல சரக்கு எங்கே கிடைக்கும்?

இந்தக் கதைகளில் பலவற்றுக்கு வித்து சுவீடனில் பிர்கா என்ற தீவு ஊரில் இருக்கும் ஒரு கல்லறை என்று நினைக்கிறேன். 1878-இல் தோண்டினார்கள். வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், இரண்டு கேடயம், இரண்டு குதிரை, ஒரு பலகை விளையாட்டின் காய்கள். ஆண் வீரன் என்றே நூறு வருடத்துக்கு மேல் எழுதிவந்தார்கள். 2017-இல் மரபணுச் சோதனை அது பெண்ணின் எலும்பு என்று காட்டியது. அவள் உண்மையிலேயே போரிட்டாளா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

அதே பிர்காவில், அந்தக் கல்லறைக்கு ஏறக்குறைய நூறு வருடம் முன்பே ஒரு கிறிஸ்தவப் பெண் வாழ்ந்திருக்கிறார். பெயர் பிரிதெபோர்க். 829-இல் அன்ஸ்கார் என்ற துறவி அங்கே போய் மறையைப் போதித்தார். பின்னால் வந்த குருக்களை ஊரார் துரத்திவிட, ஊரில் சாமியாரே இல்லை. முதியவரான பிரிதெபோர்க், சாகும் நேரத்தில் நன்மை, அதாவது குரு தரும் நற்கருணை அப்பமும் ரசமும், கொடுக்க ஆள் இருக்காதே என்று கொஞ்சம் திராட்சை ரசம் வாங்கிப் பாத்திரத்தில் பத்திரப்படுத்தினார். கடைசி நேரத்தில் அதையாவது வாயில் ஊற்று என்று மகள் கட்லாவிடம் சொல்லி வைத்தார். மூன்று வருடம் அந்த ரசம் வீட்டில் இருந்தது. அப்புறம் ஒரு குரு வந்து சேர்ந்தார். தன் சொத்தை ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்ன அந்த அம்மாள், நம் ஊரில் ஏழைகள் குறைவு, கடல் தாண்டி டோரெஸ்டாட் என்ற வணிக ஊருக்குப் போய்க் கொடு என்றார். கட்லா போய்க் கொடுத்தாள். அன்ஸ்காரின் வாழ்க்கையை எழுதிய ரிம்பெர்ட் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார்.

புயலும் இல்லை, வாளும் இல்லை. அலமாரியில் மூன்று வருடம் இருந்த ஒரு பாத்திரம். இதைப் பேத்திக்குச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

போர்ப் பெண் கதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவள் வரட்டும், வாளோடு வரட்டும். அவள் கழுத்தில் சிலுவையும் சுத்தியலும் சேர்ந்து தொங்கும் சில வருடங்களையும் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். "நமக்கு எதற்கு" என்று கேட்ட வாசகருக்கும் அதுதான் என் பதில். நார்வேயில் கன்வோர் என்ற தாய், இறந்த மகள் அஸ்த்ரீத் நினைவாகப் பாலம் கட்டிக் கல் நட்டார். அந்த வட்டாரத்தில் கைவேலையில் இவளைப் போல் கெட்டிக்காரப் பெண் இல்லை என்று எழுதி, கிறிஸ்து பிறந்தபோது பார்க்க வந்த மூன்று ஞானிகளையும் அவர்களுக்கு வழிகாட்டிய விண்மீனையும் செதுக்க வைத்தார். கல் நட்டு இறந்தவரை நினைக்கும் ஊரில் பிறந்த நமக்கு அந்தத் தாய் அந்நியமா?

என் ஆயா எந்த வருடம் கல்லுக்குப் பால் ஊற்றுவதை நிறுத்தினார் என்பது அப்பாவுக்கே தெரியவில்லை. ஒரு கன்று பிறந்தது, சொம்பு போகவில்லை, யாரும் கவனிக்கவில்லை. செருப்பை மட்டும் கடைசி வரை கழற்றினார்.

இப்படி ஒரு நாவலைத் தமிழில் எழுத யாராவது முன்வந்தால், உங்கள் வழியாக எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த ஏரிக்கரைக்கு நானே கூட்டிப் போகிறேன். கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கிருஷ்ணகிரி.