அன்றாடம் போய்வரும் இடங்களுக்கும் ஓர் ஓவியக் குறிப்பேடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயணக் கட்டுரைகளுக்கும், வாசகர்கள் எடுத்தனுப்பும் ஒளிப்படங்களுக்கும், சிறுவர்களின் ஓவியங்களுக்கும் தங்கள் நாளிதழ் தொடர்ந்து இடம் தந்துவருகிறது. இந்த மூன்றுக்கும் நடுவே நிற்கிற ஒன்று மட்டும் எந்தப் பகுதியிலும் சேராமல் விடுபட்டுப் போகிறது. சாதாரண மனிதர்கள் தாம் அன்றாடம் போய்வரும் இடங்களை ஒரு சிறு நோட்டில் வரைந்து, பக்கத்திலேயே நான்கு வரி எழுதித் தேதியிட்டு வைக்கும் ஓவியக் குறிப்பேட்டைத்தான் சொல்கிறேன். அதைப் பற்றி வாசகர்களிடம் சில செய்திகளைச் சொல்லவும், தங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இப்படி ஒரு குறிப்பேட்டைத் தொடங்குவோரில் பலர் அதை ஏதாவதொரு நீண்ட பயணத்துக்கென்றே வாங்குகிறார்கள். ஊர் திரும்பியதும் நோட்டு அலமாரிக்குப் போய்விடுகிறது. தொலைவில் இருப்பதுதான் வரையத் தக்கது என்ற எண்ணமே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. ஆனால் இந்தப் பழக்கம் வேர்பிடிப்பது பேருந்து நிறுத்தத்திலும், வங்கியிலும், நூலகத்திலும், மாலையில் நடக்கப் போகும் பூங்காவிலும்தான். அங்கே நாம் திரும்பத் திரும்பப் போகிறோம். முதல் முறை கைக்கு வசப்படாத மரம் அடுத்த வாரமும் அங்கேயே நிற்கும். வெயில் விழும் பக்கம் மட்டும் மாறியிருக்கும். புகழ்பெற்ற மாளிகைகளையும் நினைவுச்சின்னங்களையும் எத்தனையோ பேர் படம்பிடித்து வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு நம் சாட்சி தேவையில்லை. தெருமுனைத் தபால்பெட்டி எந்தச் சுவரில் தொங்கியது, வங்கியில் வரிசைக்காகக் கட்டியிருந்த கயிறு எந்தப் பக்கம் தொய்ந்திருந்தது என்றெல்லாம் இருபது ஆண்டுகள் கழித்துச் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள். இத்தகைய சின்னஞ்சிறு பொருள்கள் ஒரு நாள் சொல்லாமல் அகற்றப்படுகின்றன, அப்படியொன்று இருந்ததே பிறகு மறந்துபோகிறது.

போன இடத்திலேயே படமும் எழுத்துமாகப் பதிந்துவைப்பது பழைய வழக்கம். பிரெஞ்சு ஓவியர் யூஜின் டெலக்ருவா 1832இல் ஒரு தூதுக் குழுவுடன் மொராக்கோவுக்குச் சென்றபோது, கண்ட வாசற்படிகளையும் உடைகளையும் குதிரைகளையும் சிறு நீர்வண்ணப் படங்களாகத் தீட்டி, அவற்றின் இடைவெளிகளில் நிறங்களின் பெயரையும் அன்றைய நிகழ்ச்சிகளையும் எழுதி நோட்டுகளை நிரப்பினார். பின்னர் வாழ்நாள் முழுவதும் அந்த நோட்டுகளிலிருந்து பெரிய ஓவியங்களை உருவாக்கிக்கொண்டிருந்தார். ஆங்கில ஓவியர் டர்னர் விட்டுச்சென்ற சுமார் 300 குறிப்பேடுகள் இன்று லண்டனின் டேட் கலைக்கூடத்தில் உள்ளன. இவர்கள் பெரும் ஓவியர்கள். எனவே இது பெரும் ஓவியர்களின் வேலை என்று யாரும் ஒதுங்கிவிட வேண்டாம். 2007இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாழ்ந்த பத்திரிகையாளர் கேப்ரியேல் கம்பனாரியோ, தத்தம் ஊர்த் தெருக்களை நேரில் பார்த்து வரைவோரை இணையத்தில் ஒன்றுசேர்த்தார். அர்பன் ஸ்கெட்சர்ஸ் என்ற பெயரில் வளர்ந்த அந்தக் குழு இன்று பல நாடுகளில் கிளைவிட்டிருக்கிறது. பார்த்ததைப் பார்த்த இடத்திலேயே வரைவது, கண்முன் இருப்பதற்கு உண்மையாக இருப்பது என்பன அதன் கொள்கைகளில் முக்கியமானவை. அதில் சேர ஓவியப் பட்டம் எதுவும் தேவையில்லை. தங்கள் கவனத்துக்கு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்: கம்பனாரியோவின் நகர ஓவியங்கள் சியாட்டில் டைம்ஸ் நாளிதழிலேயே ஒரு தொடர் பத்தியாக வெளிவந்தன.

கைப்பேசியில் ஒரு நொடியில் படம் எடுத்துவிடலாமே, உட்கார்ந்து வரைவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹெங்கல் ஒரு அருங்காட்சியகத்தில் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், பொருள்களை வெறுமனே பார்த்தவர்களைவிட, அவற்றை முழுதாகப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தவர்களுக்கு அவை குறைவாகவே நினைவிருந்தன. அதே ஆய்வில் ஒரு பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தபோது நினைவு குறையவில்லை. எனவே குற்றம் கேமராவின் மேல் இல்லை, கவனம் எங்கே போகிறது என்பதுதான் விஷயம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு வரைதலைப் பற்றியே பேசுகிறது. கொடுத்த சொற்களை எழுதியவர்களைவிட, அச்சொற்கள் குறிக்கும் பொருளை வரைந்தவர்கள் அவற்றை நன்றாக நினைவுகூர்ந்தார்கள். படம் அழகாக இருந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து இந்தப் பயன் மாறவில்லை. “எனக்கு வரைய வராது” என்று சொல்லி விலகி நிற்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும் ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். ஒரே இரும்புத் தண்டில் வரிசையாகப் பொருத்திய நாற்காலிகளை நாம் நூறு முறை பார்த்திருப்போம். ஆனால் அவற்றுக்குத் தனித்தனியாகக் கால்கள் இல்லை, இருபுறத்திலும் நடுவிலுமாக ஓரிரு தாங்கிகளே மொத்த வரிசையையும் சுமக்கின்றன என்பது பென்சிலை வைத்த பிறகுதான் கண்ணில் படும். எதிரே இருப்பவர் தம் மருத்துவக் கோப்பினை மடியில் வைத்து, பார்க்க வேண்டிய பக்கத்துக்குள் கட்டைவிரலைச் செருகியிருப்பதும், தம் முறை நெருங்க நெருங்க ஒவ்வொருவரும் கதவை நோக்கிச் சற்றே சாய்வதும் அப்படித்தான் தெரியவருகின்றன. பாதி வரைந்திருக்கையில் அவரை உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். அதற்காகப் பக்கத்தைக் கிழிக்க வேண்டியதில்லை. தலையும் தோளும் முடிந்திருந்தால், அதே இருக்கையில் வந்து அமரும் அடுத்தவரின் கால்களை அந்த உடலுக்குக் கொடுத்துவிடலாம். நேரில் வரைவோர் எல்லாரும் செய்கிற வேலைதான் இது. வரிசையில் நிற்பவர்களை வரைய இன்னும் கொஞ்சம் பொறுமை போதும். மனிதர்கள் உடல் பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சற்றுக் காத்திருந்தால் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடுவார்கள்.

கூட்டத்தை வரைய அஞ்சுவோர்க்கு ஒரு விதி பெரிதும் கைகொடுக்கும். சமதரையில் நாமும் நின்றுகொண்டு பார்க்கும்போது, அருகில் நிற்பவரின் தலையும் வெகுதொலைவில் நிற்பவரின் தலையும் ஏறத்தாழ ஒரே கிடைக்கோட்டில்தான் அமையும். தூரம் கூடக்கூட உருவம் சிறுத்துக் கால்கள் மேலேறுமே தவிர, தலை அந்தக் கோட்டைவிட்டு இறங்காது. நாம் உட்கார்ந்துவிட்டால் கோடும் நம் கண்ணோடு தாழ்ந்து, நிற்கும் எல்லாருடைய உடலையும் ஒரே உயரத்தில், பெரும்பாலும் இடுப்புக்குச் சற்று மேலே, வெட்டிச் செல்லும். முதலில் அந்த ஒரு கோட்டை மெல்லிதாக இழுத்துக்கொண்டால் சந்தைக் கூட்டமும் ரயில் நிலைய நடைமேடையும் கட்டுக்குள் வந்துவிடுகின்றன.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; பையிலிருந்து தயக்கமின்றி எடுக்கக்கூடிய அளவே முக்கியம். ஏ5 நோட்டு (ஏ4 தாளில் பாதி) போதும், நின்றுகொண்டே வரைபவர்க்கு அதிலும் பாதியான ஏ6 இன்னும் வசதி. நீர்வண்ணம் தீட்டுவதாக இருந்தால் தாளின் கனம் 200 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில்) அளவுக்காவது இருப்பது நல்லது, 300 ஜி.எஸ்.எம். தாள் ஈரத்தில் அவ்வளவாகச் சுருளாது. பேனாவில் நீரில் கரையாத நிறமி மை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூரிகை பட்டதும் கோடு கலங்கிவிடும். அதற்காக அரக்கு கலந்த இந்தியன் இங்க்கை ஊற்றுப்பேனாவில் நிரப்பிவிடக் கூடாது. அது உள்ளேயே காய்ந்து பேனாவை அடைத்துவிடும். கைப்பிடிக்குள்ளேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் தூரிகை இருந்தால் தண்ணீர்க் கிண்ணத்தைத் தேட வேண்டிய வேலையும் இல்லை.

பலர் அறியாத ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. போய்வந்ததன் அடையாளமாகப் பயணச்சீட்டையும் ரசீதையும் பக்கத்தில் ஒட்டிவைப்பது பெரும்பாலானோர் விரும்பிச் செய்வது. இன்றைய ரசீதுகளில் பல வெப்பத்தால் நிறம் மாறும் தாளில் அச்சாகின்றன. அவற்றில் மையே கிடையாது. தாளின் மேல்பூச்சு சூடு பட்ட இடத்தில் கறுக்கிறது, அவ்வளவுதான். வெளிச்சமும், சிலவகைப் பசைகளும் பட்டால் அந்த எழுத்து வெளிறி, சில ஆண்டுகளில் வெற்றுத்தாள்தான் மிஞ்சும். எனவே ரசீதில் உள்ள தேதியையும் நேரத்தையும் இடத்தையும் நம் கையால் பக்கத்தில் எழுதிக்கொள்வதே பாதுகாப்பு. வண்ணங்களிலும் இதே சிக்கல் உண்டு. அலிசரின் கிரிம்சன் என்று விற்கப்படும் அழகிய கருஞ்சிவப்பில் பி.ஆர். 83 என்ற நிறமி இருந்தால், வெளிச்சத்தில் அது மங்கிப்போகும். வண்ணக் குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் நிறமி எண்ணைப் பார்த்து வாங்கும் வழக்கம் வாசகர்களுக்கு வர வேண்டும்.

எழுத்தில்லாத படம் பாதிக் குறிப்பேடுதான் என்று உறுதியாக நம்புகிறேன். நேரம், வெயிலா மழையா, எந்தப் பக்கத்திலிருந்து ஒளி வந்தது, காதில் விழுந்த ஒரு வாக்கியம், திடீரென்று வந்த ஒரு வாசனை ஆகியவற்றைக் கோடுகளால் சொல்ல முடியாது, எழுதத்தான் வேண்டும். வரைந்து முடிப்பதற்குள் பேருந்து வந்துவிட்டதென்றால், “பேருந்து வந்துவிட்டது” என்று எழுதி அப்படியே விட்டுவிடலாம். அரைகுறையாக நிற்கும் கோடு அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லும். அண்மைக் காலமாகப் பரவிவரும் இன்னொரு வழக்கத்தின் மேல் எனக்குள்ள வருத்தத்தையும் இங்கே பதிவுசெய்கிறேன். ஒளிப்படத்தைப் பார்த்து வீட்டில் சாவகாசமாக வரைந்து, ஒட்டுப்படங்களும் அலங்கார நாடாக்களும் சேர்த்து, பிறர் பாராட்டுக்கென்றே பக்கங்களைச் செய்துமுடிக்கிறார்கள். உழைப்பும் கைத்திறனும் அவற்றில் நிறைய இருக்கின்றன. அப்பக்கங்களைக் கண்டு மிரண்டு, தன் கோணல் கோடு எதற்கும் உதவாது என்று நோட்டை மூடிவைக்கும் புதியவர்களைப் பற்றித்தான் என் கவலை. ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1857இல் வெளியிட்ட ஓவியப் பாடநூலின் முன்னுரையில், மாணவர்கள் வரையக் கற்பதற்காக இயற்கையைப் பார்க்கச் சொல்வதைவிட, அவர்கள் இயற்கையை நேசிக்கக் கற்பதற்காகவே வரைதலைக் கற்பிக்க விரும்புவதாகச் சொல்லியிருந்தார். தெருவுக்கும் அறைக்கும் மனிதர்களுக்கும் அது அப்படியே பொருந்தும்.

பொது இடத்தில் வரைவோர்க்குச் சில கடமைகளும் உண்டு. வழியை மறித்து உட்காரக் கூடாது. வேதனையில் இருப்பவரையும், பிறருடைய குழந்தைகளையும் முகம் தெரியும்படி வரைந்து வெளியிடக் கூடாது. யாராவது தயங்கினாலோ, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாலோ நோட்டைக் காட்டிவிடுவது நல்லது. பெரும்பாலும் அங்கேயே ஓர் உரையாடல் தொடங்கிவிடும். அருங்காட்சியகங்கள் பலவற்றில் பென்சிலுக்கு மட்டுமே அனுமதி, மைக்கும் வண்ணத்துக்கும் இல்லை. உள்ளே நுழையுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் இதுதான். வாசகர்களின் ஓவியக் குறிப்பேட்டிலிருந்து வாரம் ஒரு பக்கத்தைத் தங்கள் நாளிதழில் வெளியிடுங்கள். தலைப்பு கொடுத்து, நேரம் குறித்து, முதல் பரிசு இரண்டாம் பரிசு என்று தரம்பிரிக்கும் ஓவியப் போட்டிகள் ஏற்கெனவே நிறைய நடக்கின்றன. இதிலாவது பரிசும் வரிசையும் வேண்டாம். அந்த இடத்திலேயே வரைந்ததாக இருக்க வேண்டும், தேதியும் இடமும் எழுதியிருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகள் போதும். வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் போய்வரும் முதியவர்களும், பள்ளிக்குப் போகும் வழியில் வரையும் பிள்ளைகளும், வேலைக்குப் போகும் ரயிலில் வரைபவர்களும் தயங்காமல் அனுப்பலாம் என்று அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்து அனுப்பினால் அச்சுக்குப் போதுமானது. அந்த வசதி இல்லாதவர்கள் நிழலான பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து கைப்பேசியில் எடுத்து அனுப்பலாம் என்றும் குறிப்பிடுங்கள். வெளியிடும்போது ஓரத்தில் உள்ள கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றாமல், அடித்தல் திருத்தல்களோடு அப்படியே வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்