வெள்ளையைச் செதுக்கி எறிந்தால் வில் முறியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, யூ (yew) என்னும் ஊசியிலை மரத்தில் செய்யும் வில் பற்றிய கட்டுரையைப் படித்தேன். இப்படி ஒரு பொருளைத் தமிழில் எழுத ஆள் இருக்கிறார் என்பதே எனக்கு மகிழ்ச்சி. ஆனால் “வெளிப்புறத்து வெள்ளை மரத்தை அறவே செதுக்கி நீக்கிவிட்டு, சிவந்த வைரத்தை மட்டும் வைத்து வில் செய்வார்கள்” என்ற வரியில் நின்றுவிட்டேன். இங்கிலாந்தின் நெடுவில்லைப் பற்றிய கட்டுரையில் அந்த வரி இருக்கக் கூடாது.

அடிமரத்தின் நடுவே இருக்கும் கெட்டியான பகுதி வைரம், பட்டையை ஒட்டிய வெளிர்ந்த பகுதி வெள்ளை. வெள்ளையை நீக்குவது என்றால் நம் ஊர்த் தச்சர் யாரும் அதில் பிழை காணமாட்டார். நானும் தச்சர் வீட்டுப் பிள்ளைதான். தேக்குப் பலகையில் விரலகலம் வெள்ளை ஓடியிருந்தாலும் என் அப்பா மரக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடுவார். வெள்ளையைப் பூச்சி அரிக்கும், நிலைக்கதவுக்கு ஆகாது. வைரம் என்றால் மதிப்பு, வெள்ளை என்றால் கழிவு. தொழிற்பயிற்சி நிலையத்தில் நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதையேதான்.

பணி ஓய்வுக்குப் பிறகு இங்கிலாந்தின் தென்கரையில் மகள் வீட்டோடு இருக்கிறேன். பொழுது போகாமல், வில் செய்யும் ஒரு முதியவரிடம் வாரம் ஒருநாள் கற்கப் போனேன். ஒரு நாள் அவர் வேலையாக வெளியே போயிருந்தார். அவர் வருவதற்குள் என் கைத்திறனைக் காட்டிவிடலாம் என்று இழைப்புளியை எடுத்து, வெண்ணெய் நிறத்தில் இருந்த வெள்ளையை முழுவதுமாக வழித்து எடுத்துவிட்டேன். உள்ளே செம்பழுப்பு வைரம் பளபளவென்று வந்தது. திரும்பி வந்தவர் பார்த்தார். திட்டவில்லை. “செய்து முடியுங்கள்” என்று மட்டும் சொன்னார். மூன்று வாரம் கழித்து நாண் பூட்டிப் பாதிகூட இழுக்கவில்லை, வில்லின் முதுகில் ஒரு சிம்பு கிளம்பியது. அடுத்த நொடி என் கையில் இரண்டு விறகு.

வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கும் பக்கம் இழுபட்டு நீள்கிறது. வில்லாளியைப் பார்க்கும் பக்கம் அமுங்கிக் குறுகுகிறது. முன்னதை முதுகு என்றும் பின்னதை வயிறு என்றும் சொல்வார்கள். யூ மரத்தின் வைரம் அமுக்கத்தை அசாத்தியமாகத் தாங்கும். வெள்ளை இழுவிசையைத் தாங்கும். எனவே முதுகுக்கு வெள்ளை, வயிற்றுக்கு வைரம். இரண்டு வகை மரங்களைப் பசை போட்டு ஒட்டிச் செய்ய வேண்டியதை இந்த மரம் பிறவியிலேயே ஒட்டித் தந்துவிடுகிறது. முடிந்த வில்லின் கனத்தில் வெள்ளை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, பல வில்களில் அதற்கும் குறைவு. அந்தக் கொஞ்சத்தைத்தான் நான் தரையில் சுருள் சுருளாகக் கொட்டினேன்.

வைரத்தில் மட்டும் வில் செய்யவே முடியாது என்று சொல்ல வரவில்லை. கலிபோர்னியாவின் வடக்கே வாழும் ஹூபா, யூரோக் மக்கள் தங்கள் பகுதி யூ மரத்தில் வில் செய்து, முதுகில் விலங்கின் தசைநாரைப் பசையோடு வரிவரியாக ஒட்டினார்கள். இழுவிசையைத் தசைநார் ஏற்றுக்கொண்டது. ஆக, முதுகில் அந்த வேலையைச் செய்ய ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும்.

தொல்காப்பிய மரபியல், காழ் புறத்தே இருந்தால் புல், அகத்தே இருந்தால் மரம் என்று பிரிக்கிறது. காழ் என்பது வைரம். அந்தக் கணக்கில் மூங்கில் புல், அதற்கு உறுதி தோலின் பக்கம்; அதனால்தான் மூங்கிலில் வில் செய்கிறவர்கள் அந்தத் தோலை முதுகாக விட்டுவிட்டு உட்புறத்தைச் சீவுகிறார்கள். யூ அகக்காழ் மரம். அதனாலேயே நமக்குப் புத்தி உள்ளே போகிறது, வெளியே இருப்பதை மறந்துவிடுகிறோம்.

கட்டுரையில் செய்முறை நாலு வரியில் முடிந்துவிட்டது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். மரத்துண்டை ரம்பத்தால் அறுப்பதைவிட ஆப்பு அடித்துப் பிளப்பதே நல்லது. அப்போதுதான் நார் போகிற போக்கில் மரம் பிரியும். இரு முனைகளிலும் பசையோ மெழுகோ பூசி நிழலில் அடுக்கிவைப்பார்கள். இல்லாவிட்டால் முனை சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். ஆண்டுக்கணக்கில் காயவிடுவதுதான் பழைய வழக்கம். பிறகு பட்டையை உரித்து, வெள்ளை அதிகமாக இருந்தால் இருகைப்பிடிக் கத்தியால் மெல்லக் குறைக்க வேண்டும். இங்கேதான் தச்சன் கை தடுமாறும். முதுகைச் சமமாக இழைத்துவிடக் கூடாது. மரம் மேடு பள்ளமாக வளர்ந்திருந்தால் முதுகும் மேடு பள்ளமாகவே போக வேண்டும். ஆண்டு வளையத்தைக் குறுக்கே வெட்டிவிட்டால் நார் அறுந்து, அந்த இடத்தில்தான் சிம்பு கிளம்பும். கணு வந்தால் அதைச் சுற்றிக் கொஞ்சம் மரத்தைக் கூடுதலாக விட்டுப் போக வேண்டும். மட்டப்பலகை வைத்தே வாழ்ந்த எனக்கு, கோணலைக் கோணலாக விடுவதற்கு ஒரு குளிர்காலம் முழுவதும் பிடித்தது.

அதன்பின் வில்லைச் சுவரில் ஒரு தாங்கியில் மாட்டி, கயிறும் கப்பியும் கொண்டு கொஞ்சம் இழுத்து, தள்ளி நின்று பார்க்க வேண்டும். எங்கே விறைப்பாக நிற்கிறதோ அங்கே வயிற்றுப் பக்கம் நாலு சுரண்டு. எங்கே அதிகம் வளைகிறதோ அந்த இடத்தைத் தொடக் கூடாது. மறுபடி இழு, மறுபடி பார். முதுகுப் பக்கம் கையே வைப்பதில்லை. கடைசியில் முனைகளில் மாட்டுக் கொம்பு போன்ற விலங்கின் கொம்பைச் செருகி, நாண் உட்காரக் குதை வெட்டுவார்கள்.

இன்னொரு தகவலும் திருத்தம் வேண்டுவது. இங்கிலாந்தின் தேவாலயத் தோட்டத்து யூ மரங்களே அந்நாட்டுப் படைக்கு வில் தந்ததாகக் கட்டுரை சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தோட்டத்து மரம் கிளையும் கணுவுமாக முறுக்கி நிற்கும். ஆறடிக்கு மேல் நேர்க்கட்டை அதில் கிடைப்பது அரிது. உயர்ந்த மலைகளில் மெதுவாக வளர்ந்து, வளையங்கள் நெருங்கிய மரமே விரும்பப்பட்டது. அது வெளியிலிருந்து வந்தது. 1472இல் போட்ட சட்டப்படி, வெனிஸ் முதலிய இடங்களிலிருந்து வரும் வணிகக் கப்பல்கள் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில்கட்டைகள் கொண்டுவர வேண்டும். 1484இல் மூன்றாம் ரிச்சர்டு காலத்தில் இனிப்பு ஒயின் பீப்பாய் ஒவ்வொன்றுக்கும் பத்துக் கட்டை என்று ஆனது. உள்ளூரில் போதிய மரம் இருந்திருந்தால் ஒயின் வணிகரின் கழுத்தில் ஏன் கத்தி வைக்க வேண்டும்?

சந்தேகம் இருப்பவர்கள் போர்ட்ஸ்மத்தில் மேரி ரோஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பார்க்கலாம். 1545 ஜூலை 19 அன்று மூழ்கிய போர்க்கப்பல் அது, 1982இல் தூக்கினார்கள். கடற்சேற்றில் 170க்கும் மேற்பட்ட யூ வில்கள் கிடைத்தன, பெரும்பாலானவை முழுதாக. அவற்றை இழுக்க 45 முதல் 80 கிலோ வரை விசை தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்றைய ஒலிம்பிக் வில்லுக்கு இருபது கிலோ சொச்சம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த வில்களின் எதிரே அரைமணி நேரம் நின்றேன். நீரில் கிடந்து நிறம் கறுத்திருந்தாலும் வெள்ளையும் வைரமும் சேருமிடம் தெரிகிறது. என் இரண்டு விறகு நினைவுக்கு வந்தது.

கட்டுரையில் விடுபட்ட ஓர் எச்சரிக்கையும் உண்டு. யூ மரத்தின் இலை, விதை எல்லாம் நஞ்சு. சிவந்த பழச்சதை மட்டுமே விலக்கு. மரத்தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, முகக்கவசம் இல்லாமல் நான் அரத்தைத் தொடுவதில்லை. இதே இன மரத்தின் அமெரிக்க வகையின் பட்டையிலிருந்துதான் புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்சல் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. 1971இல் அதன் அமைப்பை வெளியிட்ட குழுவில் மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வாணி இருந்தார். வில்லுக்கும் இதற்கும் தொடர்பில்லைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் இரண்டாவது வில் முறியவில்லை. பதினாறு கிலோ விசைதான், என் வயதுக்கு அது போதும்.

கடைசியாக, கட்டுரையோடு வந்த ஓவியம். அதில் வில்லின் வெளுத்த பக்கம் வில்லாளியின் முகத்தை நோக்கி இருக்கிறது. வரைந்தவரிடம் சொல்லித் திருப்பிப் போடச் சொல்லுங்கள். அந்த வில்லை உண்மையில் இழுத்தால் சிம்பு எங்கே கிளம்பும் என்பது எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மரவேலைப் பயிற்றுநர்,
இங்கிலாந்து.