செய்திக்குக் கீழே அந்த ஒரு வரியைப் போடுங்கள்

தமிழ் நாளிதழ்களையும் தொலைக்காட்சிகளையும் நடத்திவரும் குடும்பத்தாருக்கு,

வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டக் கடைமடையிலிருந்து எழுதுகிறேன். உங்களில் பலருக்குப் பத்திரிகை மட்டுமே தொழில் இல்லை என்பது ஊரறிந்த விஷயம். நாலு தொழில் செய்வதைக் குற்றம் சொல்ல வரவில்லை. அந்தத் தொழில்களைப் பற்றி உங்கள் பேப்பரில் செய்தி வரும்போது, 'இந்த நிறுவனம் எங்கள் குடும்பத்தாருடையது' என்று கீழே ஒரு வரி போடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே நெல் விளைந்த இடத்தில் இப்போது இறால் குட்டைகள். உப்புத் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றுகிறார்கள். கசிவு பக்கத்து வயலுக்குள் இறங்கி, சம்பா நாற்று நுனி கருகி நிற்கிறது. நாற்றையாவது மறுபடி விடலாம், குடிதண்ணீருக்கு என்ன செய்வது? அடிபம்பில் வருவது வாயில் வைக்க முடியாமல் கரிக்கிறது. டீ போட்டால் பால் திரிகிறது. பருப்பை எவ்வளவு நேரம் போட்டாலும் வேக மாட்டேன் என்கிறது. பெண்கள் அடுத்த ஊர் டேங்கில் போய் வரிசையில் நிற்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டிய பிள்ளைகளின் இடுப்பிலும் ஒரு குடம்.

சென்ற மாதம் தாலுகா ஆபீஸ் வாசலில் காலிக் குடங்களோடு உட்கார்ந்தோம். உங்களில் ஒருவருடைய பத்திரிகையின் பகுதி நிருபர் வந்து படம் எடுத்தார். ஊருக்கும் வந்து, பம்புத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பினார். மறுநாள் பேப்பரில் எங்களைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. அதே மாவட்டப் பக்கத்தில், அந்த இறால் பண்ணை எத்தனையோ பேருக்கு வேலை கொடுப்பதாக அரைப் பக்கக் கட்டுரை, முதலாளி படத்தோடு. பண்ணைக்காரரும் பத்திரிகைக்காரரும் ஒரே வீட்டார் என்பது மட்டும் அதில் எங்கும் இல்லை. நிருபரைக் கேட்டேன். "அனுப்பிட்டேன்ணே, மேல எடுக்கல" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்து, அந்தக் கமிஷனில் குடும்பம் நடத்துகிறவர் அவர்.

இறால் பண்ணை விவகாரம் இந்தக் கடற்கரைக்குப் புதிதில்லை. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோரப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. 2005இல் வந்த சட்டம் அவற்றுக்கு மறுபடியும் வழிவிட்டது. இதையெல்லாம் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது யார்? பேப்பர்தானே?

பத்திரிகை வரலாற்றில் எங்கள் காவிரிக் கரைக்கும் பங்கு உண்டு. 1878இல் நண்பர்களோடு சேர்ந்து, கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாயில் 80 பிரதி அச்சடித்து 'தி இந்து'வைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர் திருவையாற்றுக்காரர். 'சுதேசமித்திரன்' நடத்தியவரும் அவர்தான். 1905இல் 'தி இந்து'வை வாங்கிய கஸ்தூரிரங்க ஐயங்கார், கும்பகோணம் பக்கத்து இன்னம்பூர்க்காரர். அவர் குடும்பத்தார் கையில்தான் அது வளர்ந்தது. அதனால் ஒரு குடும்பம் பத்திரிகை நடத்துவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இன்று பத்திரிகை நடத்தும் குடும்பங்கள் பலவற்றின் கையில் பேப்பரோடு சேனலும், கேபிளும், கல்லூரியும், ஆலையும் சேர்ந்துவிட்டன. சில வீடுகளில் கட்சியும் சேர்ந்திருக்கிறது. அப்புறம் எங்கள் கரிப்புத் தண்ணீர் எந்தப் பக்கத்தில் வரும்?

பத்திரிகைகளை மற்ற தொழில்களிலிருந்து பிரிக்க வேண்டும் என்று இரண்டாவது பத்திரிகை ஆணையம் 1982இலேயே சொல்லிவிட்டது. கட்சிகள் ஊடகம் நடத்தக் கூடாது, பெரிய தொழில் நிறுவனங்களுக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்று 2014இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. அதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது. நான் கேட்கும் ஒரு வரிக்குச் சட்டம் வர வேண்டியதில்லை. ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்களின் பெயர்களை வருஷா வருஷம் மார்ச் மாதத்தில் படிவம் 4 என்று பொடி எழுத்தில் அச்சிட்டுப் பழகியவர்கள்தானே நீங்கள்? அந்தப் பெயர்களுக்கு வேறு என்னென்ன தொழில் என்பதையும், படிக்கிற அளவு எழுத்தில், செய்தி வருகிற அன்றே போடுங்கள்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தினமும் காசு கொடுத்துப் பேப்பர் வாங்குகிறவன் என்ற முறையில் பணிவோடு கேட்கிறேன். உங்கள் வீட்டுத் தொழில் பற்றிய செய்திக்குக் கீழே அந்த ஒரு வரியைப் போடுங்கள். அந்த நிருபர் எடுத்த படம் உங்கள் ஆபீஸில்தான் இருக்கிறது. அதையும் தயவுசெய்து போடுங்கள்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவன்