தோட்டத்துக்கு முன் குப்பைக்கூடை: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பள்ளியின் பின்பக்கக் காலியிடத்தில் பிள்ளைகள் போட்ட காய்கறித் தோட்டம் என்ன ஆயிற்று என்று உங்களில் பலர் கேட்டுவிட்டீர்கள். போன பருவத்தில் நட்டதில் பெரும்பகுதி கருகிப்போயிற்று. ஏன் என்பதைச் சொல்லி, உங்களிடம் ஓர் உதவி கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

அவசரப்பட்டது நான்தான். விதை வாங்கினோம், நாற்று நட்டோம், தண்ணீர் ஊற்றினோம். மண்ணைப் பார்க்கவில்லை. கட்டட வேலை நடந்தபோது கொட்டிய செங்கல் தூளும் சிமெண்டும் இறுகிக் கிடந்த தரை அது. மூன்றே வாரத்தில் நாற்றுகள் மஞ்சளடித்து நின்றன. சரி, உரம் போடுவோம் என்று வரவழைத்தோம். அன்று முன்வாசலில் உர மூட்டை இறங்கிக்கொண்டிருக்க, பின்வாசலில் மதிய உணவு மிச்சம் குப்பை வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டையும் பார்த்தபடி நின்றேன். செடிக்கு வேண்டியதை ஒரு வாசல் வழியாகக் காசு கொடுத்து வாங்கி, இன்னொரு வாசல் வழியாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தோம்.

ஊர் முழுக்க இதுதான் நடக்கிறது. உணவு வெகு தூரத்திலிருந்து நகரத்துக்குள் வருகிறது. மிஞ்சியது குப்பைமேட்டுக்குப் போகிறது. விளைந்த நிலத்துக்கு எதுவும் திரும்பிப் போவதில்லை. 2022-இல் மட்டும் உலகம் முழுதும் வீடுகளிலும் உணவகங்களிலும் கடைகளிலும் வீணான உணவு சுமார் 105 கோடி டன் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்கு. அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகும் உணவு மீத்தேன் வாயுவை வெளியிடும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடைக் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கக்கூடியது அது.

ஆகவே இந்த முறை குப்பைக்கூடையிலிருந்து தொடங்கினோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாரம் உணவுக்கூட மிச்சத்தைப் பிரித்து எடை போட்டார்கள். தோலும் காம்பும்தான் அதிகம் இருக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். தொடாமல் விட்ட சாப்பாடே அதிகம் இருந்தது. நல்ல சாப்பாட்டை உரமாக்கிவிட்டோம் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வது சரியல்ல. அளவாகப் பரிமாறுவது முதலில். மிஞ்சியது சாப்பிடத் தக்க நிலையில் இருந்தால் மனிதர்களுக்கு, அப்புறம் கால்நடைக்கு. உரக்குழி கடைசியில்தான். பிரான்சில் 2016-இல் வந்த சட்டமும் இந்த வரிசையைத்தான் பின்பற்றுகிறது. அங்கே பெரிய அங்காடிகள் விற்காத நல்ல உணவைக் கெடுத்து எறியக் கூடாது, தொண்டு அமைப்புகளுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

நம் பள்ளி உரக்குழி முதலில் நாறியது உண்மைதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் குறை சொன்னது நியாயமே. ஈரக் கழிவை மட்டும் கொட்டியதால் உள்ளே காற்றுப் போகவில்லை, அதனால் அழுகிவிட்டது. இப்போது ஒரு கூடை ஈரக் கழிவுக்கு இரண்டு, மூன்று கூடை காய்ந்த சருகு போட்டு, வாரம் ஒருமுறை கிளறிவிடுகிறோம். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் அளவுக்குத்தான் ஈரம் இருக்க வேண்டும். குவியல் ஒரு மீட்டர் உயரம், ஒரு மீட்டர் அகலமாவது இருந்தால்தான் சூடு உள்ளே தங்கும். நடுவில் 55 டிகிரியைத் தொட்டு அந்தச் சூடு சில நாட்கள் நீடித்தால் களை விதைகளும் பெரும்பாலான நோய்க்கிருமிகளும் மடியும். பிள்ளைகள் தினமும் வெப்பமானியைச் செருகிக் குறித்துவைக்கிறார்கள். ஒரு பருவத்து அறிவியல் பாடம் அந்த ஒரு நோட்டில் இருக்கிறது. வரும்போது கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இப்போது நாற்றம் இல்லை. மழைக்குப் பிந்திய மண்ணின் வாசனைதான் வருகிறது.

இனி தரையில் நேரடியாகச் செடி நடப்போவதில்லை. நகரத்து மண்ணில், அதுவும் சாலையோரத்திலும் பழைய கட்டடங்களின் அருகிலும், பழைய பெயிண்ட்டிலிருந்தும் வாகனப் புகையிலிருந்தும் படிந்த ஈயம் இருக்கக்கூடும். வாகனங்களுக்கான ஈயம் கலந்த பெட்ரோல் உலகம் முழுதும் நின்றதே 2021-இல்தான். வளரும் பிள்ளைகளின் மூளைக்கு ஈயம் கெடுதல் என்பதால் இதில் துணிந்து பார்க்க எனக்கு மனமில்லை. சாலையைவிட்டுத் தள்ளி, விளிம்பு கட்டிய மேட்டுப் பாத்திகளில், புது மண்ணும் நம் உரமும் நிரப்பி நடுவோம். கியூபாவின் ஹவானா நகர மக்கள் செய்ததும் இதுதான். 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அங்கிருந்து கியூபாவுக்கு வந்த எண்ணெயும் உரமும் பெருமளவு குறைந்துபோக, அவர்கள் காலி மனைகளில் காய்கறி வளர்க்கத் தொடங்கினார்கள். மண் சரியில்லாத இடத்தில் தொட்டிபோல விளிம்பு கட்டி, மட்கிய உரம் கலந்து நிரப்பினார்கள். ஆர்கனோபோனிகோ என்று அதற்குப் பெயர்.

இதில் எவ்வளவு விளைந்துவிடும் என்று ஓர் அப்பா கேட்டார். தானியம் விளைவிக்க நகரத்தில் இடமில்லை, அதற்கு வயல்தான் வேண்டும். ஆனால் பறித்த சில மணி நேரத்தில் வாடிவிடும் இலைக் காய்கறிகளுக்குச் சிறு பாத்தி போதும். வண்டியும் குளிர்பதனமும் வேண்டாம். காலையில் பறித்தது மதியம் பள்ளிச் சமையலுக்குப் போகும். மிஞ்சினால் வகுப்புவாரியாக முறைவைத்து வீடுகளுக்கு அனுப்புவோம். விற்கப்போவதில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். திங்கள், வியாழன் இரண்டு நாளும் வீட்டுக் காய்கறி, பழத் தோலை மூடியுள்ள டப்பாவில் கொடுத்தனுப்புங்கள். பிரிப்பது வீட்டிலேயே நடக்க வேண்டும். கலந்த குப்பையைப் பிறகு பிரிப்பது பெரும்பாடு. தென்கொரியாவில் 2005 முதல் உணவுக் கழிவை அப்படியே குப்பைமேட்டில் புதைக்கத் தடை. 2013 முதல் போடும் அளவுக்குத் தக்க கட்டணம். பல குடியிருப்புகளில் தொட்டியே எடை போட்டுக் கணக்கு வைக்கிறது. இன்று அங்கே உணவுக் கழிவில் 90 சதவீதத்துக்கும் மேல் உரமாகவோ தீவனமாகவோ எரிவாயுவாகவோ மாறுகிறது. வீடுதோறும் தனியாகப் பிரித்துக் கொடுப்பதால்தான் அது நடக்கிறது.

இறைச்சி, எலும்பு, எண்ணெய்ப் பண்டம், பால் பொருள் வேண்டாம். எலியும் ஈயும் வரும். பழத்தில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரை உரித்துவிடுங்கள், போன மாதம் உரத்தைச் சலித்தபோது அதைத்தான் நிறையப் பொறுக்கினோம். சருகு எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம்.

குழியருகே போகும் பிள்ளைகளுக்குக் கையுறை தருகிறோம், திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்கிறோம். தூசு ஒவ்வாமை, மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகள் குவியல் கிளறும் வேலைக்கு வர வேண்டாம். அவர்களுக்கு நாற்று வளர்க்கும் பொறுப்பு இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். டப்பாவின் மீது பெயரும் வகுப்பும் எழுதி அனுப்புங்கள், கழுவித் திருப்பித் தருகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்