வழியையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மாணவர் பக்கத்தில் படிவம் 4 இயற்பியலுக்கான ஈர்ப்பு நிலையாற்றல் (பூமியின் ஈர்ப்பில் ஒரு பொருள் இருக்கும் இடத்தால் அதற்குள்ள ஆற்றல்) குறிப்பைப் படித்தேன். சமன்பாட்டைக் கட்டம் கட்டிப் போட்டு, இதை வருவிக்க இன்டக்ரேஷன் (தொகையீடு) வேண்டும், இப்போதைக்கு மனப்பாடம் செய்யுங்கள் என்று முடித்துவிட்டீர்கள். இன்டக்ரேஷன் படிவம் 5 கூடுதல் கணிதத்தில்தான் வருகிறது, சரி. ஆனால் இதற்குப் பின்னம் கழிக்கத் தெரிந்தாலே போதும். சுங்கை சிப்புட்டில் என் டியூஷன் பிள்ளைகளுக்கு அப்படித்தான் போடுகிறேன்.

ஈர்ப்பு மாறிலி, பூமியின் நிறை, பொருளின் நிறை மூன்றையும் பெருக்கி ‘க’ என்று வையுங்கள். பூமியின் மையத்திலிருந்து ‘அ’ தூரத்தில் விசை க/அ². அதை ஒட்டினாற்போல் சற்றுத் தள்ளி ‘ஆ’ தூரத்தில் க/ஆ². இரண்டுக்கும் நடுவில் விசையை க/(அ×ஆ) என்று எடுக்கலாம். அது இரண்டுக்கும் இடைப்பட்ட அளவுதான். கடந்த தூரம் ஆ−அ. பெருக்கினால் வேலை, க/அ − க/ஆ. அடுத்த துண்டுக்கு க/ஆ − க/இ. கூட்டிக்கொண்டே போனால் நடுவில் உள்ளதெல்லாம் அடிபட்டு, முதலும் கடைசியும்தான் மிஞ்சும். கடைசித் தூரம் முடிவிலி என்றால் அந்தக் கடைசிப் பின்னமும் பூஜ்யம். அங்கே ஆற்றல் பூஜ்யம் என்று வைப்பதால், ‘அ’ தூரத்தில் ஆற்றல் −க/அ.

கழித்தல் குறியில்தான் பிள்ளைகள் திணறுகிறார்கள். கடைக்காரரின் 555 புத்தகத்தில் ஏறிய கடன் மாதிரி அது. பூமியை விட்டுத் தப்ப அவ்வளவையும் கட்டியாக வேண்டும். தரையிலிருந்து அதைக் கட்டத் தேவையான வேகம் நொடிக்கு 11.2 கிலோமீட்டர், அதே பாடத்தில் வரும் விடுபடு வேகம்.

அப்புறம், கீழ் வகுப்பில் படித்த ‘நிறை × ஈர்ப்பு முடுக்கம் × உயரம்’ தப்பா என்று கேட்பார்கள். 10 மீட்டர் உயரத்தில் தொங்கும் 20 கிலோ செம்பனைக் குலைக்கு அது தாராளமாகப் போதும், சுமார் 1,960 ஜூல். ஆனால் தோட்டத்து ஆஸ்ட்ரோ டிவி தட்டுகள் அண்ணாந்து பார்க்கும் மியாசாட் செயற்கைக்கோள் இருப்பது 35,786 கிலோமீட்டர் உயரத்தில். தரையிலிருந்து அங்கே ஏற்றத் தேவையான ஆற்றலைப் பழைய சூத்திரம் உண்மையான அளவைப் போல் ஆறரை மடங்குக்கு மேல் காட்டும்!

அடுத்த வாரம் செயற்கைக்கோள் வேகம் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதிலாவது வழியையும் சேர்த்துப் போடுங்கள். இடம் பற்றாவிட்டால் அந்த ராக்கெட் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கலாம்.

இப்படிக்கு,
டியூஷன் ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்