தார் சுற்றுகிறவளும் கதையில் இருக்கட்டும்

மாயாஜாலக் கதை எழுதும் தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். குடியாத்தத்தில் இருந்து எழுதுகிறேன். போன மாதம் என் அக்கா பேத்தி பத்துப் பன்னிரண்டு கதைகளைக் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தாள். எல்லாம் உங்களைப் போன்ற இளவட்டங்கள் எழுதியவை. ஒன்றில் மந்திரவாதி விரலைச் சொடுக்கினால் சோறு வெந்து இலையில் வந்து விழுகிறது. இன்னொன்றில் கல் பொம்மைகள் எழுந்து போய் ராஜாவுக்கு மதில் கட்டுகின்றன. ரசித்துத்தான் படித்தேன். ஆனால் மதில் எழும்பிய மறுநாள் காலையில் அந்த ஊர்க் கொத்தனார் கரணையை எடுத்துக்கொண்டு எங்கே போனார் என்று எந்தக் கதையிலும் இல்லை.

நான் தறிக்காரர் வீட்டுப் பெண். அப்பா குழித்தறியில் லுங்கி நெய்தார். முதலாளி வீட்டில் இருந்து பாவும் நூலும் வரும். நெய்து கொடுத்தால் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. தெருவில் யாரைக் கேட்டாலும் அவர் நெய்தார் என்றுதான் சொல்வார்கள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் தார், அதாவது நூல் சுற்றிய சின்னக் குழல், இருந்தால்தானே அது ஓடும்? தார் சுற்றியது அம்மா. விடியற்காலை நாலு மணிக்கு ராட்டை கிறீச்சிடும் சத்தம்தான் எங்களுக்கு அலாரம். வலது கை சக்கரத்தைச் சுற்றும், இடது கையில் இரண்டு விரலுக்கு நடுவே நூல் ஓடும். ஓடி ஓடி அந்த இடத்தில் தோல் கோடு கோடாக அறுத்திருக்கும். ரசத்துக்குப் புளி கரைக்கும்போது மட்டும் 'ஸ்ஸ்' என்பாள். கூலிக் கணக்கில் அவள் பெயர் கிடையாது. அப்பா கை நீட்டினால் தார் இருக்கும், அவ்வளவுதான். நான் பார்த்த முதல் மாயாஜாலம் அது.

உங்கள் கனவு புதிதும் இல்லை. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் கண்டிருக்கிறார். நாடா தானே நெய்தால், யாழ் தானே மீட்டிக்கொண்டால், எஜமானர்களுக்கு அடிமைகளே தேவைப்பட மாட்டார்கள் என்ற பொருளில் எழுதி வைத்தார். (அந்த ஆளுக்கும் எடுத்துக்காட்டாகக் கிடைத்தது தறிதான் பாருங்கள்.) சரி, நாடா தானே ஓடும் காலமும் வந்தது. 1785-இல் இங்கிலாந்தில் எட்மண்ட் கார்ட்ரைட் விசைத்தறிக்குக் காப்புரிமை வாங்கினார். 1794-இல் அமெரிக்காவில் எலி விட்னி, பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் இயந்திரத்துக்கு வாங்கினார். அடிமைகள் விடுதலையாகி வீட்டுக்குப் போனார்களா? அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் 1790-இல் சுமார் 7 லட்சமாக இருந்தவர்கள் 1860-இல் 39 லட்சத்தைத் தாண்டினார்கள். கொட்டை எடுப்பது சுலபமானதும், இன்னும் பல மடங்கு பருத்தி போடலாம் என்று பண்ணைக்காரன் கணக்குப் போட்டான். செடியில் இருந்து பஞ்சு பறிக்க அன்றைக்கு இயந்திரம் கிடையாது, கைதான். இயந்திரத்தின் வாய் பெரிதாகப் பெரிதாக, அதற்கு ஊட்டும் கைகளும் கூடிக்கொண்டே போயின.

விசைத்தறி மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். மிதித்து மிதித்து அப்பாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. ஒரு விசைத்தறி எங்கள் வீட்டுக்கே வந்திருந்தால் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டிருப்போம். அது தெருக்கோடியில், வேறொருவர் போட்ட ஷெட்டுக்கு வந்தது. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-இல் சட்டம் போட்டார்கள். முதலில் 22 ரகம், பிறகு 11 ஆகச் சுருங்கியது. லுங்கி பட்டியலில் தங்கியது, அப்பா தறியில் தங்கவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் அதே ஷெட்டுக்கு ராத்திரிக் காவலுக்குப் போனார். நாடா தானாகத்தான் ஓடியது. யாருக்காக ஓடியது என்பதுதான் விஷயம்.

எங்கள் ஊர்க் கதையில் இந்தக் கணக்கை மறைக்கவில்லை. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதன் கதையில் ஜமதக்கினி முனிவரின் மனைவி ரேணுகா, ஆற்று மணலையே குடமாக்கி, அவர் பூசைக்குத் தண்ணீர் கொண்டு வருவாள். சூளை வேண்டாம், சக்கரம் வேண்டாம். சக்தி அவளுடையது. ஆனாலும் தினமும் ஆற்றுக்கு நடப்பது அவள், சுமப்பது அவள், பூசையின் பலன் அவருக்கு. ஒரே ஒரு நாள் தண்ணீரில் கந்தர்வனின் நிழலைப் பார்த்து மனம் சலித்தாள். குடம் நிற்கவில்லை, தலையும் போனது. இன்றைக்கும் ஊரே திரண்டு வீதி வீதியாக எடுத்துப் போவது அந்தத் தலையைத்தான். முனிவருக்கு ஊர்வலம் கிடையாது.

அப்புறம், வேலை கேட்டு நச்சரிக்கும் பூதத்தின் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எஜமானனையே தின்றுவிடும். அவன் நாய் வாலை நிமிர்த்தச் சொல்லித் தப்பித்தான் என்று சிரிப்போம். சின்ன வயதில் நானும் சிரித்தேன். இப்போது அந்தக் கதையில் வரும் ஏரியிலேயே மனம் நின்றுவிடுகிறது. பூதம் ஒரே ராத்திரியில் ஏரி வெட்டியதாம். அதுவரை மண் வெட்டிக் கூலி வாங்கியவர்கள் என்ன ஆனார்கள்? மதகைத் திறந்ததும் யார் வயலுக்கு முதலில் பாய்ந்தது? பூதத்துக்கு யாராவது ஒரு வாய் சோறு போட்டார்களா?

அக்கா பேத்தி இதைக் கேட்டுவிட்டு, இப்போதெல்லாம் கைப்பேசியிடம் சொன்னால் அதுவே கதை எழுதித் தருகிறது பாட்டி என்றாள். அதற்குள்ளும் தார் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்து இது நாய், இது பூனை என்று குறி போடுகிறவர்கள், படிக்கக் கூசுகிற வரிகளைப் படித்துக் கழித்துக் கட்டுகிறவர்கள். எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களும் அவர்களில் உண்டு. உருப்படிக் கூலி எனக்குப் பழகிய கணக்கு.

மந்திரமே வேண்டாம் என்று சொல்லவில்லை, தாராளமாக எழுதுங்கள். சோறு தானாக வேகட்டும். அன்றைக்கு அந்த வீட்டுச் சமையல்காரி எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று ஒரு வரி எழுதுங்கள். மந்திரம் யார் கையில் இருக்கிறது, அவன் அதை யாருக்குச் சொல்லித் தர மறுக்கிறான் என்று எழுதுங்கள். வெறும் பூதத்தின் கதைதான் வருகிறது என்றால் அதுவும் நல்லதே. வாலை விட்டுவிட்டு, கூலி கேட்டு அது எஜமானன் வாசலில் வந்து உட்காரும் கதையை இதுவரை நான் படித்ததில்லை.

எழுதினால் அனுப்புங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், எனக்கு ஒரு கண்ணில் புரை.

இப்படிக்கு,
ஒரு தறிக்காரர் மகள்,
குடியாத்தம்