முதியோர் இல்லத்துக்குச் சாப்பாடு அனுப்பும் அண்ணாவுக்கு

லீட்ஸ், இங்கிலாந்து

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். குளிர் இன்னும் விட்டபாடில்லை, ஆனால் நாள் முழுக்க அடுப்படியில் நிற்பதால் எனக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை. பெங்களூர் ஒயிட்ஃபீல்டு முதியோர் இல்லத்துக்கு அல்சூரில் இருக்கும் நம் மெஸ்ஸிலிருந்து மதியச் சாப்பாடு அனுப்பப் போவதாக அண்ணி போனில் சொன்னார். ரொம்பச் சந்தோஷம். நானும் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில்தானே சமைக்கிறேன், அதனால் சிலதைச் சொல்லியே ஆக வேண்டும்.

வயதானவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. நமக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கோடு போவது அவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும்.

முதலில் சோறு. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அதன் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகி நஞ்சை விடும். அப்புறம் எத்தனை சூடு பண்ணினாலும் அது போகாது. இங்கே சூடான சாப்பாட்டை 63 டிகிரிக்குக் கீழே இறங்க விடமாட்டோம். பாத்திரத்தின் நடுவில் தெர்மாமீட்டர் கம்பியைக் குத்தி, வரும் எண்ணை நோட்டில் எழுதுவோம். அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரைக்கும் வண்டி டிராஃபிக்கில் நிற்பதுதான் எனக்குக் கவலை. தூக்குவாளி வேண்டாம் அண்ணா, நல்ல ஹாட் பாக்ஸ் வாங்குங்கள். கொதிநீர் ஊற்றிச் சூடேற்றிக் கொட்டிவிட்டு, அப்புறம் சோற்றை நிரப்புங்கள். அங்கே இறக்கியதும் ஒருமுறை சூடு பார்க்க வேண்டும். மிஞ்சிய சோறு மெஸ்ஸுக்குத் திரும்பி வரவே கூடாது, சாயங்காலப் புளியோதரைக்குக்கூட.

விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு மசித்துக் கொடுப்பீர்களாமே. மிக்ஸி மூடியின் ரப்பர் வளையத்தை விரலால் நெம்பி எடுத்துப் பாருங்கள், நேற்றைய பருப்பு மஞ்சளாக ஒட்டியிருக்கும். பிளேடின் அடியிலும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். மசிக்கும்போது சூடு ஆறிவிடும், மறுபடி 75 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே டப்பாவில் போடுங்கள்.

இன்னொன்று, வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை இங்கே யாரையும் சமையலறைக்குள் விடுவதில்லை. அந்த நாட்களுக்கு நம் சமையல் மாஸ்டரின் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் வியாதியை மறைத்துக்கொண்டு வந்து நிற்பார், பாவம், அவருக்கும் வேறு வழியில்லை.

கம்பித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன். யார் யாருக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று இல்லத்தில் கேட்டு எழுதுங்கள். அம்மாவை மாத்திரை தவறாமல் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தங்கை